அம்மா வழி கோத்திரம்

போன மாசம் எடமலைப்பட்டி புதூர் டீக்கடையில் நண்பர் கேட்டார்: "அக்கா பையனுக்கு 21 வயசு. ஒரு கண் மங்குச்சு, ரெண்டே மாசத்துல அடுத்ததும் போச்சு. வலியே இல்ல. லீபர் வியாதி, பரம்பரைன்னு சொல்லிட்டாங்க. என் பசங்களுக்கும் வருமா?"

ரிப்போர்ட்டில் 11778 என்ற எண் இருந்தது.

செல்லுக்குள் மின்சாரம் தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. 16,569 எழுத்து, 37 ஜீன், அவ்வளவுதான். நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால், யாரும் கை வைக்கப் பயப்படுகிற பழைய கோடு. அதில் 11778-வது இடத்தில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ வந்தால், சக்தி உற்பத்தியின் முதல் கட்டத்தில் இருக்கும் ஒரு புரதம் மாறிவிடுகிறது. பார்வை நரம்புக்கு எப்போதும் எக்கச்சக்க சக்தி வேண்டும். அதனால் அடி முதலில் அங்கே விழுகிறது. லீபர் இந்த நோயை விவரித்தது 1871-ல். எழுத்துப்பிழையை டக்ளஸ் வாலஸ் குழு கண்டுபிடித்தது 1988-ல்.

விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியா குழந்தைக்குப் போவதில்லை. கோத்திரம் அப்பா வழி, இது அம்மா வழி. ஆக, நண்பரின் பிள்ளைகளுக்கு வராது. ஆனால் அவருக்கும் அக்காவுக்கும் ஒரே அம்மா. அவருக்குள்ளும் அந்தப் பிழை இருக்க நிறையவே வாய்ப்பு. இருந்தாலும் எல்லோருக்கும் பார்வை போகாது. பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஆண்களில் சுமார் பாதி, பெண்களில் பத்தில் ஒருவர். ஏன் இந்த வித்தியாசம் என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. சிகரெட் ஆபத்தைக் கூட்டும் என்பது மட்டும் தெளிவு. (கையிலிருந்ததை அவர் கீழே போட்டார்.) டிபி மாத்திரை எத்தாம்பியூட்டாலும் பார்வை நரம்பைப் பாதிக்கக் கூடியது, இந்தக் குடும்பத்தார் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடணும்.

"சொந்தத்துல கட்டுனதாலதான்னு ஊர்ல பேசுறாங்க" என்றார். இல்லை. சொந்தத்தில் கட்டினால் வேறு சில நோய்கள் வரும் வாய்ப்பு கூடும், அது நிஜம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அக்கா யாரைக் கட்டியிருந்தாலும் இதே எழுத்துதான் பையனுக்குப் போயிருக்கும்.

இன்னொன்று. 11778, 3460, 14484 ஆகிய மூன்றும்தான் இந்நோயின் பிரபல பிழைகள். மதுரை அரவிந்த் ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், இந்திய நோயாளிகளிடம் இவை எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தன. அதனால் மூன்றும் 'நெகடிவ்' என்று வந்தாலே லீபர் இல்லை என்று ஃபைலை மூடக்கூடாது.

ஐடிபெனோன் என்ற மருந்துக்கு ஐரோப்பா 2015-ல் அனுமதி தந்தது. சிலருக்குப் பார்வை ஓரளவு திரும்புகிறது, எல்லோருக்கும் அல்ல.

அக்காவுக்கு ஒரு பெண்ணும் உண்டு. பிளஸ் டூ படிக்கிறாள். அவளிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லையாம்.