படிக்கத் தெரியாத பெற்றோரும் பாடம் கேட்கலாம்

"எங்களுக்கோ எழுத்து வாசனை இல்லை; பிள்ளைகளுக்கு நாங்கள் எவ்வாறு பாடம் சொல்லித் தருவது?" என்று தோட்டத்துப் பெற்றோர் பலர் வருந்திக் கூறுவதுண்டு. இவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும், பாடம் சொல்லிக் கொடுப்பது வேறு. பாடம் கேட்பது வேறு. முன்னது ஆசிரியரின் பணி. பின்னதற்கு எழுத்தறிவு தேவையில்லை.

பால்மரம் வெட்டுவோர் இதனை எளிதில் உணர்வர். ஒரு நாள் வெட்டில் பட்டையின் மெல்லிய சீவல் மட்டுமே எடுக்கப்படுகின்றது. மழையினால் நான்கு நாள் வெட்டுத் தவறிப்போயிற்று என்று ஐந்தாம் நாள் ஆழமாக வெட்டினால், அத்தனை நாள் பாலும் சேர்ந்து வந்துவிடுமா? மரம் காயப்படும், அவ்விடத்தில் மீண்டும் வளரும் பட்டையும் கரடுமுரடாகி, பின்னாளில் வெட்டுக்கு உதவாது. தேர்வுக்கு முந்திய வாரம் நள்ளிரவுவரை விழித்துப் படிப்பதும் இத்தகைய ஆழ வெட்டே.

1885-ஆம் ஆண்டில் எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறந்துபோகின்றன என்பதை அளந்து நூலாக வெளியிட்டார். கற்றவற்றுள் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுவதை அவர் கண்டார். ஒரே அமர்வில் பலமுறை ஓதுவதைவிட, சில நாள்களுக்குப் பகிர்ந்து ஓதினால் குறைந்த முயற்சியிலேயே மனத்தில் நிலைப்பதையும் கண்டார். பின்வந்த ஆய்வுகள் மற்றொன்றையும் தெளிவாக்கின. புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, அதனை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே பாடத்தை அதிகம் உறுதிப்படுத்துகின்றது.

இங்குதான் பெற்றோருக்கு வேலை இருக்கின்றது. மாலையில் சமைத்துக்கொண்டே பிள்ளையை அருகில் அழைத்து, "இன்றைக்குப் பள்ளியில் என்ன படித்தாய்? புத்தகத்தைப் பார்க்காமல் சொல், கேட்போம்" என்றால் போதும். பிள்ளை தடுமாறினால் கோபம் கொள்ள வேண்டாம். தடுமாறிய இடத்தை மட்டும் பார்த்துவரச் சொல்லி, மறுபடியும் கேளுங்கள். இரண்டு நாள் கழித்து அதே பாடத்தை இன்னொரு முறை கேளுங்கள். தாய் அறியாத பாடமாயிருப்பதும் ஒரு வகையில் நன்மையே. அறியாதவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டுமானால், சொல்பவருக்கு அது நன்கு விளங்கியிருக்க வேண்டுமன்றோ?

மலாய்மொழிக்கு இப்பழக்கம் மிகமிக அவசியம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற மாணவர், இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களைத் தேசிய மொழியிலேயே பயில வேண்டியவராகின்றனர். அம்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதோர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்த பின்னரே முதலாம் படிவம் செல்கின்றனர். அந்த ஓராண்டினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. கணக்கில் கெட்டிக்காரனான பிள்ளை, கேள்வியின் மொழி புரியாமல் வாய் திறக்க அஞ்சிப் பின்வரிசையில் மௌனமாகிவிடுகின்றான். சில காலம் சென்று படிப்பே வேண்டாமென்கின்றான். அவனை மூடன் என்று வீட்டாரும் முடிவு கட்டிவிடுவது கொடுமை.

ஆறாம் ஆண்டில் 1988 முதல் நடைபெற்றுவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஆகவே, தேர்வு முடிவைக் கண்ட பிறகு விழித்துக்கொள்ளலாம் என்று காத்திருத்தல் ஆகாது. நான்காம் ஆண்டிலேயே ஆசிரியரைக் கண்டு, பிள்ளை மலாயில் தயங்காமல் வாசிக்கின்றதா, சொந்தமாக வாக்கியம் அமைக்கின்றதா எனக் கேட்டறியுங்கள். கடைக்கு அனுப்பும்போது மலாயில் பேசிப் பொருள் வாங்கிவரச் செய்யுங்கள்.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடியுமுன் பெற்றோர் வேலைக்குப் புறப்படும் வீட்டில் பிள்ளைகளின் தூக்கமும் கலைந்துவிடுகின்றது. ஆதலால் இரவில் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் நேரத்தோடு நிறுத்தியாக வேண்டும். பாடம் கேட்பதற்குப் பத்து நிமிடமே பிடிக்கும். உடல் மிகக் களைத்த நாளில் பாட்டியைக் கேட்கச் சொல்லலாம்.