பூட்டிய மண்டபமும் திறந்த மண்டபமும்

பாலக்காட்டிலிருந்தும் இடுக்கி மலைப்பகுதிகளிலிருந்தும் சென்னைக்குச் செல்லும் நம்மவர், சென்ட்ரல் நிலையத்தை விட்டு வெளிவந்ததும் ரிப்பன் மாளிகைக்கு அருகே செந்நிற மண்டபமொன்றைக் கண்டிருப்பர். அதுவே விக்டோரியா பொதுமண்டபம். மூட்டை முடிச்சுகளுடன் விரைவோர் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தால், அதன் சதுரக் கோபுரத்தின் உச்சியில் திருவிதாங்கூர்ப் பாணிக் கூரை இருப்பது புலனாகும். நாம் வாழும் நாட்டின் சாயல் சென்னையின் நடுவே நிற்பது நமக்கு உவகை தருவதன்றோ!

1883ஆம் ஆண்டு விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி இதற்கு அடிக்கல் நாட்டினார். வரைபடம் வகுத்தவர் சிஸம் துரை. திருவனந்தபுரம் நேப்பியர் பொருட்காட்சிசாலையை அமைத்தவரும் அவரே. கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். 1897இல் சுவாமி விவேகானந்தர் இங்கே சொற்பொழிவாற்றினார். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நண்பர்களுடன் தொடங்கிய சுகுணவிலாச சபை, இம்மண்டபத்தில் நாடகங்களை நடத்தியது. கற்றோரும் உத்தியோகஸ்தரும் கூச்சமின்றி வேடம் புனைந்து மேடையேறலாம் என்னும் துணிவு அச்சபையால் வளர்ந்தது.

இத்தகைய மண்டபம் பிற்காலத்தில் பல்லாண்டுகள் பயனற்று மூடிக் கிடந்தது. 2023இல் சென்னை மாநகராட்சி பெரும்பொருள் செலவிட்டுச் சீரமைப்பைத் தொடங்கியது. பழங்கட்டடத்தைப் புதுப்பிப்பது எளிதன்று. சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த சுவர் தன் ஈரத்தை வெளிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கி, செங்கல் பொரிந்து உதிரும். ஆகவே பழைய முறையையே கையாண்டு பழுது நீக்க வேண்டும். மின்வசதி, தீத்தடுப்பு முதலிய இக்காலத் தேவைகளையும் பழைய உருவம் கெடாமல் சேர்க்க வேண்டும்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டுவது யாது? நம் சங்க மண்டபங்கள் சிறியவை. ஓட்டுக்கூரையும் மரப்பலகை மேடையும் உடையவை. திருமணத்திற்கும் ஆண்டுவிழாவிற்கும் திறக்கிறோம். ஏனைய நாட்களில் பூட்டி வைக்கிறோம். நம் பிள்ளைகளில் பலர் மலையாளத்தில் கல்வி பயில்கின்றனர். அவர்களுக்குத் தமிழ் அடுக்களைப் பேச்சாக மட்டும் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறோம். நாலு பேர் முன்னே நின்று தமிழில் பேச அவர்களுக்கு வேறு இடம் ஏது?

இடவப்பாதி மழைக்கு முன் ஓடுகளை மாற்றுவோம். கரையான் அரித்த பலகைகளை நீக்குவோம். மாதத்தில் ஒரு மாலையேனும் மண்டபத்தைத் திறந்து பிள்ளைகளை நாடகம் ஆட விடுவோம். சாவியை எவர் வைத்திருப்பது என்னும் வழக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம்.