டயர் அணையும் சரியும் மலையும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி போட்டால், ஒரே மழையில் மண் கரைந்து கானுக்குப் போய்விடும். பழைய லொறி டயர்களால் இடுப்புயரத்துக்குள் அணை கட்டலாம். முதல் வரிசையைப் பாதி புதையுங்கள். டயரின் உள்விளிம்பு வரை மண்ணைத் திணித்து, கை வலிக்க வலிக்க இடியுங்கள். அடுத்த வரிசை செங்கல் போல மூட்டு மாறி, மேட்டுப்பக்கம் சற்றுச் சாய்ந்து ஏறட்டும். பின்னால் சல்லிக்கல் போட்டால் நீர் வடியும். வெறும் டயரை வெளியே போடவே வேண்டாம். தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. அப்படியொரு சரிவை இந்த அணை தாங்காது. நிலத்தில் புதிய வெடிப்போ, கலங்கிய ஊற்றோ தெரிந்தால் பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.