அழிக்கச் சொன்ன படம் பிழைத்த கதை!
காணாமற்போன பிரிட்டிஷ் படங்களைத் தேடி ஒரு வேட்டை

லண்டனில் ஒரு பழைய மாடி வீடு. கணவன் வெளியே கிளம்பிப் போகிறான். சற்று நேரத்தில் மனைவி இருக்கும் அறையில் காஸ் விளக்கு மங்குகிறது. பூட்டிக் கிடக்கும் மேல் மாடியில் யாரோ நடக்கும் ஓசை கேட்கிறது. கணவன் திரும்பி வந்ததும் அவள் நடுக்கத்தோடு அதைச் சொல்கிறாள். அவனோ, எல்லாம் பிரமை என்று அடித்துப் பேசுகிறான். அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டதாக அவளையே நம்ப வைக்கிறான்.

உண்மையில் மாடியில் நடந்தவன் அவன்தான்! அங்கே எங்கோ ஒளிந்திருக்கும் ரத்தினக் கற்களைத் தேட அவன் இரவுதோறும் திருட்டுத்தனமாக ஏறிப் போகிறான். மேலே ஒரு விளக்கை ஏற்றியதும் குழாயில் வரும் வாயு பங்கு போய், கீழே உள்ள விளக்கு மங்கிவிடுகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

இது பாட்ரிக் ஹாமில்டன் 1938-ல் எழுதிய நாடகம். 1940-ல் தாரல்ட் டிக்கின்ஸன் என்ற பிரிட்டிஷ் டைரக்டர் இதை 'காஸ்லைட்' என்ற பெயரில் படமாக்கினார். ஆண்டன் வால்புரூக் கணவனாகவும், டயானா வின்யார்டு மனைவியாகவும் நடித்தார்கள். ஒருவரை ஏமாற்றி, அவருடைய புத்தியின் மீதே அவருக்குச் சந்தேகம் வரச் செய்வதற்கு இன்று உலகம் முழுவதும் 'காஸ்லைட்டிங்' என்று சொல்கிறார்கள் அல்லவா? அந்தச் சொல் பிறந்தது இந்தக் கதையிலிருந்துதான். 2022-ல் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்காரர்கள் அதையே அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சொல் உலகை வலம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கதையின் முதல் படமோ மண்ணோடு மண்ணாகப் போயிருக்க வேண்டியது!

முதலாளியின் உத்தரவு

ஹாலிவுட்டில் எம்.ஜி.எம். கம்பெனி இதே கதையைப் பெரிய நட்சத்திரங்களை வைத்து எடுக்க ஆசைப்பட்டு உரிமையை வாங்கிற்று. ஒரே கதை, ஒரே பெயர், இரண்டு படங்கள் என்றால் வியாபாரம் கெடும் அல்லவா? ஆகவே பிரிட்டிஷ் படத்தின் பிரதிகளை அழித்துவிட வேண்டும், நெகடிவும் மிஞ்சக் கூடாது என்று முடிவாயிற்று. 1944-ல் ஜார்ஜ் கியூகர் டைரக்ஷனில் ஹாலிவுட் படம் வெளிவந்தது. அதில் நடித்த இங்கிரிட் பெர்க்மன் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றார். முதல் படத்தை ஜனங்கள் மறந்தே போனார்கள்.

ஆனால் டிக்கின்ஸன் முன்யோசனைக்காரர். நெகடிவ் கைமாறுவதற்கு முன்பே சத்தம் போடாமல் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். எப்படியோ படம் பிழைத்தது. 1952-ல் அமெரிக்காவில் திரையிட்டபோதுகூட அதற்குச் சொந்தப் பெயர் கிடைக்கவில்லை. 'ஏஞ்சல் ஸ்டிரீட்' என்று மாற்றுப் பெயர் சூட்டித்தான் காட்டினார்கள். பல வருஷங்கள் அரிதாகவே கண்ணில் பட்ட அந்தப் படத்தை இன்று யாரும் தெளிவான பிரதியில் பார்க்கலாம். பார்த்தவர்களில் பலர், பரிசு வாங்கிய படத்தைவிட இதுவே மேல் என்கிறார்கள்.

இஸ்பேட் ராணி

டிக்கின்ஸனை விதி ஒரு தடவையோடு விட்டுவிடவில்லை. 1949-ல் அவர் 'இஸ்பேட் ராணி' என்ற படத்தை எடுத்தார். ரஷ்ய மேதை புஷ்கினின் கதை. சீட்டாட்டத்தில் தோற்காமலிருக்கும் ரகசியத்தை ஒரு கிழவியிடமிருந்து பறிக்க முயலும் ராணுவ அதிகாரியைப் பற்றியது. வால்புரூக்தான் அதிகாரி. நாடக மேடையின் மகாராணி என்று பெயர் பெற்ற ஈடித் எவான்ஸ் கிழவி. வேறொருவர் டைரக்ட் செய்வதாக இருந்து, கடைசி நேரத்தில் இவர் தலையில் விழுந்த வேலை அது. சில நாள் அவகாசத்தில் பொறுப்பேற்றவர், கேன்ஸ் திரைப்பட விழாவுக்குப் போகும் அளவுக்கு அதை எடுத்துக் காட்டினார்.

அந்தப் படமும் வெகுகாலம் மறைந்து கிடந்தது. தொலைந்தே போயிற்று என்றுகூடப் பலர் எண்ணினார்கள். 2009-ம் ஆண்டுக் கடைசியில் அது பிரிட்டிஷ் தியேட்டர்களில் மறுபடி வெளிவந்தது. பார்க்கத்தான் டிக்கின்ஸன் இல்லை. அவர் 1984-லேயே காலமாகிவிட்டார்.

படம் எப்படித் தொலையும்?

ஒரு புத்தகம் தொலைந்தால் வேறொரு நூலகத்தில் கிடைக்கும். சினிமா அப்படியல்ல. 1950-களின் தொடக்கம் வரை தியேட்டர் படங்களுக்குப் பயன்பட்டது நைட்ரேட் பிலிம். தீப்பொறி பட்டால் குபீரென்று பற்றிக்கொள்ளும். தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரிவது நிற்காது. தீயே படாவிட்டாலும் காலப்போக்கில் பிசுபிசுத்து, கடைசியில் தூளாகிவிடும். பிறகு வந்த பத்திரமான பிலிமுக்கும் ஒரு வியாதி உண்டு. அது கெட ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி வாடை அடிக்கும்.

இயற்கையைவிட மனிதன் செய்த சேதமும் குறைவல்ல. ஓடி முடிந்த படத்தை வைத்திருக்க இடம் வேண்டும், பணம் வேண்டும். அழித்தாலோ, பிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்து எடுத்து விற்கலாம்! பிரிட்டனில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. சினிமாவுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. 1935-ல் தோன்றிய தேசியத் திரைப்பட நூலகம், படக்காரர்கள் மனமுவந்து கொடுத்ததைத்தான் பெரும்பாலும் வாங்கி வைக்க முடிந்தது.

வசவு புதைத்த படம்

சில படங்களைத் தீ அழிக்கவில்லை, வசவு புதைத்தது. மைக்கேல் பவல் பிரிட்டனின் தலைசிறந்த டைரக்டர்களில் ஒருவர். 1960-ல் அவர் எடுத்த 'பீப்பிங் டாம்', பெண்களைக் கொன்று, அவர்கள் சாகும்போது முகத்தில் தோன்றும் பயத்தைப் படம் பிடிக்கும் ஒருவனைப் பற்றியது. விமர்சகர்கள் கொதித்தெழுந்தார்கள். சாக்கடையில் கொட்ட வேண்டிய சரக்கு என்ற ரீதியில் எழுதியவரும் உண்டு. படம் தியேட்டர்களை விட்டு ஓடியது. பவலுக்கும் அதன் பிறகு சொந்த நாட்டில் பெரிய வாய்ப்புகள் அநேகமாக வரவில்லை.

அதைத் தேடிப் பிடித்து உலகுக்குக் காட்டியவர் அமெரிக்க டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்செஸி. 1979-ல் நியூயார்க் திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டது. அப்போது பவல் எழுபதைத் தாண்டியிருந்தார். இன்று அதை ஒரு சிறந்த படைப்பு என்கிறார்கள். ஆனால் இடையில் போன இருபது வருஷங்களை யார் திருப்பித் தருவது?

பவலும் எமெரிக் பிரஸ்பர்கரும் சேர்ந்து 1943-ல் எடுத்த 'கர்னல் பிளிம்ப்' படத்தின் கதை வேறு விதம். படம் இருந்தது; முழுப்படம் இல்லை! 163 நிமிஷம் ஓடிய படத்தை அமெரிக்காவில் வெட்டி வெட்டிச் சுமார் ஒன்றரை மணி நேரமாக்கிவிட்டார்கள். கதை சொல்லும் முறையையே தலைகீழாக்கினார்கள். 1983-ல்தான் அதற்குப் பழைய உருவம் திரும்பியது. நல்ல வேளையாக இருவரும் அப்போது உயிரோடு இருந்தார்கள்.

துப்பறியும் வேலை

தொலைந்த படத்தைத் தேடுவது துப்பறியும் வேலைக்குச் சமானம். முதலில் காகிதங்களைப் புரட்ட வேண்டும். பழைய சினிமா வியாபாரப் பத்திரிகைகளில் படம் எத்தனை அடி நீளம் என்று இருக்கும். ஒரு நிமிஷப் படத்துக்கு 90 அடி பிலிம் என்பது கணக்கு. 8,100 அடி என்று குறிப்பிருந்து, கையில் கிடைத்த பிரதி 6,300 அடிதான் என்றால், இருபது நிமிஷம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

பிறகு பிலிமின் ஓரம். கோடாக் கம்பெனி தன் பிலிம் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சிறு அடையாளங்களை அச்சிடும். பிலிம் எந்த வருஷம் தயாரானது என்பதற்கு அது சாட்சி. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே வேறு படம் இருக்கும். அல்லது அதே படம் வேறு தேசத்தில், வேறு பெயரில் தூங்கிக்கொண்டிருக்கும். மூடிப்போன படக் கம்பெனிகள், லாபரேட்டரிகளின் கிடங்குகள், வாடகைக்கு விட்ட 16 மில்லிமீட்டர் பிரதிகள், சேகரிப்பாளர்களின் வீட்டுப் பரண்கள் எல்லாவற்றையும் சலிக்க வேண்டும்.

2010-ல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம், காணாமற்போன 75 படங்களின் பட்டியலை வெளியிட்டு, "யாரிடமாவது இருக்கிறதா?" என்று ஊரறியக் கேட்டது. ஹிட்ச்காக்கின் 1926-ம் வருஷத்து ஊமைப்படமும் அதில் உண்டு. 1962-ல் வந்த 'கிராஸ்டிராப்' போன்ற சின்னத் துப்பறியும் படமும் உண்டு. ஹிட்ச்காக் படம் இன்னும் சிக்கவில்லை. கிராஸ்டிராப் சிக்கிவிட்டது! முழுதாகவோ பாதியாகவோ பத்துக்கு மேற்பட்ட படங்கள் இப்படி வெளியே வந்தன. கிடைத்தவற்றைக் காக்க இப்போது வார்விக்ஷயரில் ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது. பூஜ்யத்துக்கும் 5 டிகிரி கீழே குளிர், ஈரப்பதம் 35 சதவிகிதம். அங்கே நைட்ரேட் பிலிமும் நிம்மதியாக உறங்கும்.

ஒரு குடும்பத்தின் டெலிவிஷன்

கிடைத்தால் போதுமா? காட்ட வேண்டாமா? 2015-ல் நோயல் கிரானின் என்பவரும் அவருடைய மகளும் 'டாக்கிங் பிக்சர்ஸ்' என்ற டெலிவிஷன் நிலையத்தைத் தொடங்கினார்கள். யாரும் சீந்தாத பழைய சிறு படங்களின் உரிமைகளைத் தகப்பனார் நெடுநாளாக வாங்கிச் சேர்த்து வந்தவர். பெரிய படத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கென்றே எடுத்த மலிவுப் படங்கள் அவற்றில் ஏராளம். இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. லட்சக்கணக்கான ஜனங்கள் பார்த்தார்கள்!

காரணம் தெரிந்ததே. சிறு வயதில் பார்த்த படம் ஒன்று மனத்தில் நிற்கிறது. பெயர் நினைவில்லை. ஒரு ரயில் நிலையம், ஒரு முகம், அவ்வளவுதான். கேட்டால், அப்படி ஒரு படமே இல்லை என்கிறார்கள். நமக்குத்தான் புத்தி தடுமாறுகிறதோ என்று தோன்றிவிடுகிறது. ஒரு நாள் அதே ரயில் நிலையம் திரையில் வந்து நிற்கிறது.

'காஸ்லைட்' கதையின் முடிவிலும் இதுதான் நடக்கிறது. ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர் அந்த வீட்டுக்கு வருகிறார். அவர் கண் முன்னாலேயே விளக்கு மங்குகிறது. அவள் சொன்னதெல்லாம் மெய் என்று ஆகிவிடுகிறது. துருப்பிடித்த டப்பாக்களைத் தேடி அலைகிறவர்களும் அந்தப் போலீஸ்காரரைப் போன்றவர்களே. ஆனால் டப்பாவுக்குள் பிலிம் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டிருக்கிறது. போலீஸ்காரர் நேரத்தோடு வந்து சேர வேண்டும்!