இறந்தபின் வேலைக்கு வரும் செல்

பள்ளி ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். தாவரங்களில் நீர் ஏறும் பாடத்தை நடத்தி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, “தென்னைக்கு மோட்டார் எங்கே இருக்கிறது, டீச்சர்?” என்று கேட்டாளாம். அருமையான கேள்வி. வேர் உறிஞ்சுவதும் சைலம் என்ற குழாய்த்திசு கடத்துவதும் பாடப்புத்தகத்திலேயே இருப்பதால் நேராக மோட்டாருக்கு வருகிறேன்.

மோட்டார் வெயில்தான். இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்பவை. முன்னால் ஒன்று போனால் பின்னால் இருப்பதும் இழுபடும். அந்த இழுப்பு வேர் வரை இறங்கும். 1894-ல் டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் முன்வைத்த விளக்கம் இது. காற்றழுத்தத்தை நம்பி உறிஞ்சும் எந்தப் பம்பாலும் சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்ற முடியாது. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களிலோ 115 மீட்டர் தாண்டியும் நீர் ஏறுகிறது.

மரத்தின் உயிருள்ள செல்கள்தான் நீரை மேலே தள்ளுகின்றன என்று முன்பு பலர் நம்பினார்கள். ஜெர்மனியின் பான் நகரில் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் உயரமான ஓக் மரத்தை அறுத்து, அதன் அடியை பிக்ரிக் அமிலத்தில் நிறுத்தினார். வழியில் இருந்த உயிர்ச்செல்களைக் கொன்றபடியே அமிலம் மேலே ஏறியது. செல்கள் செத்த பிறகும் ஏற்றம் நிற்கவில்லை.

என்னை மிகவும் ஈர்ப்பது நீர் ஏறும் அந்தச் சைலக்குழாய் உருவாகும் விதம். செடியின் செல்லில் உட்கரு, பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா என மூன்று இடங்களில் டிஎன்ஏ உண்டு. நம் செல்லில் இரண்டே இடங்களில்தான். சைலக்குழாய் ஆகப்போகும் செல் இந்த மூன்றையும் அழித்துவிடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை ஜினியா பூச்செடியின் இலைச் செல்களில் நேரடியாகக் கண்டார்கள். ஹார்மோன் கலந்த கரைசலில் வைத்த செல்லின் சுவரில் சில நாட்களில் சுருள் சுருளாக வளையங்கள் தடிக்கின்றன. உள்ளே எழும் இழுவிசையில் குழாய் நசுங்காமல் காப்பவை இவைதான். பிறகு செல்லின் நடுவே இருக்கும் வாக்குவோல் என்ற பெரிய பை உடைகிறது. அதிலிருந்து கொட்டும் நொதிகள் எல்லாவற்றையும் கரைக்கின்றன. சுமார் கால் மணி நேரத்தில் உட்கருவின் டிஎன்ஏ காணாமல் போகிறது. இத்தனைக்கும் உத்தரவு பிறப்பது அதே உட்கருவில்! விஎன்டி7 என்ற மரபணுவைச் செயற்கையாகத் தூண்டினால் வேறு வகைச் செல்கள்கூடக் குழாயாக மாறுவதை 2005-ல் காட்டினார்கள். எஞ்சுவது வெற்றுச் சுவர். அதற்குள்தான் நீர் ஓடுகிறது.

இறந்த குழாய்க்குத் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளத் தெரியாது. எங்கள் கிணற்றுப் பம்பில் காற்று புகுந்துவிட்டால் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர் வராது; அப்பா குடம் குடமாக நீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவார். மரத்தில் ஆணி அறைந்தாலும் குழாய் உடைந்து காற்று நுழைகிறது, நீர்த்தொடர் அறுகிறது. ஆனால் அங்கே குடத்தோடு வர ஆளில்லை. நீர் பக்கத்துக் குழாய்கள் வழியே சுற்றிப்போக வேண்டியதுதான்.

வேம்பும் புளியும் தண்டு பருக்கும்போது புதுக் குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். தென்னைக்கு அந்த வசதி கிடையாது. அதன் தண்டில் புதுச் சைலம் உண்டாக்கும் கேம்பியம் என்ற அடுக்கே இல்லை. இளமையில் அமைந்த குழாய்களை வைத்துத்தான் அது ஐம்பது அறுபது ஆண்டுகள் இளநீர் தருகிறது. தண்டில் விழுந்த காயமும் கடைசிவரை ஆறுவதில்லை. இது தெரியாமல்தான் வீட்டுக்கு வீடு தென்னையில் ஆணி அறைந்து துணிக்கொடி கட்டுகிறார்கள், விளம்பரத் தகடு மாட்டுகிறார்கள், ஏறுவதற்குப் படி வெட்டுகிறார்கள்.

ஆசிரியை அந்த மாணவியிடம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொடி கட்டத் தனியாக ஒரு கம்பம் நட்டுக்கொள்ளுங்கள், தென்னையை விட்டுவிடுங்கள்.