கிரியோவின் குரலும் வங்கப் படச்சுருளும்: சித்திரக்கதையில் ஆப்பிரிக்கக் கதைமரபு

மண்டகப்பட்டுக் குடைவரையில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியன இன்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவர்க்கும் கோயில் எடுத்ததாகக் கூறுகிறது. எடுத்தவன் விசித்திரசித்தன் என்ற முதலாம் மகேந்திரவர்மன். அழியும் பொருள்களில் நிலைத்திருந்த மரபு கல்லுக்கு மாறியதையே அது பெருமிதத்துடன் அறிவிக்கிறது. வாய்மொழிக் கதை சித்திரக்கதை நூலாகும்போதும் இத்தகைய மாற்றமே நிகழ்கிறது. அதில் எது விடப்படுகிறது, எது தங்குகிறது என்பதே இங்கு வினா.

பிரேசிலின் ஊகோ கனூட்டோ, யொரூபா மக்கள் வழிவந்த ஒரிஷா தெய்வங்களை ஜாக் கிர்பியின் அமெரிக்க வீரநாயகப் பாணியில் வரைகிறார். இடிக்குரிய ஷாங்கோவின் இரட்டைக் கோடரி அப்பாணிக்கு எளிதில் பொருந்திவிடுகிறது. தெய்வம் ஆப்பிரிக்காவினது; சட்டகம் அமெரிக்காவினது.

சென்னையின் தாரா புக்ஸ் 2010இல் வெளியிட்ட ‘ஐ சீ த பிராமிஸ்டு லேண்ட்’ இதற்கு நேர்மாறானது. மார்ட்டின் லூதர் கிங்கின் வரலாறே அதன் பொருள், தெய்வக்கதை அன்று. ஆயின் எழுதிய ஆர்தர் ஃபிளவர்ஸ், மேற்கு ஆப்பிரிக்கக் கிரியோ மரபைத் தமதாகக் கொண்டவர். 1968இல் கிங் கொல்லப்பட்ட மெம்ஃபிஸ் நகரத்தவர். கிரியோ என்போர் குடிவழியையும் புகழையும் பாடிக் காப்போர். (நம் பாணர் நினைவுக்கு வருவர், ஒப்புமையை அதற்குமேல் நீட்டல் தகாது.) ஃபிளவர்ஸின் உரையில் கதைசொல்லி மறைந்து நிற்பதில்லை, கேட்போரை நோக்கிப் பேசுகிறான். வரைந்த மனு சித்ரகரோ, சுருளை விரித்து விரலால் சுட்டிப் பாடும் வங்கப் படக்கதை மரபினர். அமெரிக்கத் தென்மாநில மாந்தர் அவர் கையில் வங்கப் படங்களின் அகன்ற கண்களைப் பெறுகின்றனர். இரு மரபுகளும் சொல்லும் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. மூலத்திற்கு நெருக்கமானது எது என்று கேட்டால், ஒரு தெய்வத்தின் பெயரும் தலைப்பில் இல்லாத இந்நூலையே சுட்டத் தோன்றுகிறது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத் திரௌபதியம்மன் விழாக்களின் பாரதக்கூத்தைச் சித்திரக்கதையாக்க முனைவோர்க்கும் இவ்வேறுபாடு பயன்படும். பாண்டவரை வீரநாயகராக வரைதல் எளிது. கட்டியங்காரனின் குறுக்கீட்டையும், திரைக்குப் பின்னின்று பாடி வேடம் மெல்ல வெளிப்படுவதையும் பக்கத்தில் அமைப்பதே கடினம். திரைவருகையைத் தொடர்கட்டங்களாகப் பிரிக்கலாம். படுகளத்தில் மண்ணுருவாகக் கிடக்கும் துரியோதனனை மட்டும் எந்தக் கட்டத்துள்ளும் அடக்க இயலாது. இரண்டு பக்கங்களை ஒருசேர அவனுக்கு விட வேண்டியிருக்கும்.