கேட்ட கை

ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் ஏழையல்லர். குறைஷியரில் பெருவணிகர், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சகோதரர் மைந்தர். கி.பி. 630இல் மக்கா வெற்றியின்போது இஸ்லாத்தைத் தழுவினார்கள்.

அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் பொருள் கேட்டார்கள், அண்ணலார் வழங்கினார்கள். மீண்டும் கேட்டார்கள்; வழங்கினார்கள். மூன்றாம் முறையும் வழங்கிய பின்னரே, பேராசையோடு பெறும் செல்வத்தில் பரக்கத் இராது என்றும், அவ்வாறு பெறுபவர் உண்டும் பசியாறாதவரை ஒப்பர் என்றும் உணர்த்தினார்கள். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பாமலே திருத்திய அந்த நயத்தை என்னென்பது!

இனி எவரிடமும் எதையும் பெறுவதில்லை என்று ஹகீம் (ரலி) அவர்கள் அப்போதே உறுதி பூண்டார்கள். மனத்திலுள்ள ஆசையோடு மல்லுக்கட்டுவதைவிட, கேட்கும் நாவைக் கட்டுவது எளிது போலும்.

அபூபக்கர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் அவருக்குரிய பங்கை அளிக்க அழைத்தார்கள், ஏற்கவில்லை. அது பிச்சையன்று, உரிமை! நாமோ மஹர் கொடுக்க வேண்டிய கையை நீட்டி, பெண் வீட்டாரிடம் கைக்கூலிக்குப் பேரம் பேசுகிறோம்.

பின்னர் உமர் (ரலி) அவர்களும் அளிக்க முன்வந்தார்கள். ஹகீம் (ரலி) அவர்கள் மறுக்கவே, தாம் கொடுத்தும் அவர் வாங்கவில்லை என்பதற்கு மக்களைச் சாட்சியாக்கினார்கள். மரணம் வரை அந்த உறுதி தளரவில்லை.